பாலை நகரத்தில் தொடங்குகிறது: அமெரிக்க – மெக்சிகோ எல்லையும் ஒளிப்படங்களும்

அமெரிக்க – மெக்சிகோ எல்லை என்றதும் மனத்தில் வந்து நிற்கும் படம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். துரு நிறத்தில் நீளும் ஓர் இரும்புச் சுவர், இருபுறமும் மணல், சுவர் சிறுத்துக்கொண்டே போய் அடிவானத்தில் ஒரு கோடாகக் கரைகிறது. மனிதர் யாரும் இல்லை. கலிபோர்னியாவின் அல்கோடோனெஸ் மணற்குன்றுகளில், மணல் ஏறி மூடும்போது தூக்கி நிறுத்தும்படி அமைத்த ‘மிதக்கும் வேலி’ இந்தப் படத்துக்கென்றே கட்டப்பட்டதுபோலத் தெரியும். இதற்கு இணையாக இன்னொரு படமும் நமக்குப் பழக்கம். டிஹுவானாவின் குன்றுகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள், நடுவில் வேலி, அந்தப் பக்கம் சான் டியாகோவின் ஆளற்ற வெளி. முதல் படம் இயற்கையைப் பற்றியது என்று தோன்றுகிறது, இரண்டாவது வறுமையைப் பற்றியது என்று. ஒன்று பாலைவனத்தின் ஆல்பத்தில் சேர்கிறது, மற்றொன்று நகரத்தின் ஆல்பத்தில். இந்தப் பிரிவினைதான் எல்லையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய தவறான தகவல் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பாலையில் நடப்பது நகரத்தில் தீர்மானிக்கப்பட்டது. இரண்டையும் இணைத்துக் காட்டாத ஒளிப்படம் எவ்வளவு உண்மையாக எடுக்கப்பட்டிருந்தாலும் காரணத்தை மறைத்துவிடுகிறது.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஐந்திணைகளில் பாலைக்கு மட்டும் தனக்கென்று நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கடும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பிரிவும் வழிச்செலவும் ஆறலைப்போரின் அச்சமும் அந்தத் திணைக்கு உரியவை. ஆக, பாலை என்பது ஒரு நிலம் வந்து சேர்ந்த நிலைமை. அதற்கு ஒரு காரணமும் ஒரு முன்கதையும் உண்டு. புவியியலாளர் வரையறுக்கும் பாலைவனமும் நம் திணைப் பாலையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் எல்லைப் பகுதியின் ஒளிப்படங்களைப் படிக்க இந்தப் பழைய அறிவு நல்ல அளவுகோல். ஒரு படம் பாலையை என்றென்றும் அப்படியே இருந்த வெறுமையாகக் காட்டுகிறதா, அது எப்படி அவ்வாறு ஆனது என்ற கேள்வியை எழுப்புகிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே படங்களை எடைபோட விரும்புகிறேன்.

கோடு முதலில் காகிதத்தில் விழுந்தது

இந்த எல்லையின் மொத்த நீளம் ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர். அதில் சுமார் 2,000 கிலோமீட்டருக்கு எல்லையாக ஓடுவது ஓர் ஆறு. அமெரிக்கர் அதை ரியோ கிராண்டே என்கிறார்கள், மெக்சிகோவில் அதற்குப் பெயர் ரியோ பிராவோ. ஆறு விலகிச் செல்லும் எல் பாசோ – சியுதாத் ஹுவாரெஸ் நகரங்களிலிருந்து பசிபிக் கடல் வரை எல்லை பெரும்பாலும் தரையில் இழுத்த கோடு. போரில் தோற்ற மெக்சிகோ 1848இல் குவாதலூப் இதால்கோ உடன்படிக்கையில் தன் வடபகுதியை இழந்தது. 1853இல் கையெழுத்தான காட்ஸ்டன் உடன்படிக்கையின் வழியே இன்றைய தெற்கு அரிசோனாவும் கைமாறியது. கோட்டை நிலத்தில் குறிக்க வில்லியம் எமரியின் தலைமையில் நில அளவைக் குழு வந்தபோது அதனுடன் ஓவியர்களும் வந்தார்கள். அவர்கள் வரைந்த நிலக்காட்சிகளுக்கு ஒரு நேரடிப் பயன் இருந்தது. எல்லைக்கல் விழுந்தாலும், யாராவது பெயர்த்து எடுத்தாலும், பின்னணி மலைகளின் விளிம்பை ஒப்பிட்டு அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். இப்படி, இந்தப் பாலைநிலத்தின் அரசாங்கப் படம் தொடக்கத்திலேயே கோட்டுக்குச் சாட்சி சொல்வதற்காகப் பிறந்தது.

அடுத்த தலைமுறையில் அந்த வேலை கேமராவிடம் போனது. பழைய கற்குவியல்கள் பல சிதைந்து, எல்லை எங்கே என்ற தகராறுகள் பெருகியதால், எந்த இரண்டு எல்லைக்கற்களுக்கும் இடையே 8,000 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று 1882இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. 1890களில் புதிய அளவை நடந்து, எண்ணிக்கை 258 ஆனது. டி. ஆர். பெய்ன் உள்ளிட்ட ஒளிப்படக்காரர்கள் அந்தக் கற்களைப் படம் பிடித்தார்கள். அந்த ஆல்பத்தைப் புரட்டினால் ஓர் ஒழுங்கு தெரியும். நடுவில் கூர்நுனித் தூண் வடிவில் எல்லைக்கல், அதைச் சுற்றி வெளி. அளவு தெரிவதற்காகச் சில படங்களில் ஓர் ஆள் நிற்கிறார். அவர் யார், அந்த நிலத்தில் எவர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் இடமில்லை. டொஹோனோ ஓஓதம் பழங்குடி மக்களின் நிலத்தை அந்தக் கோடு இரண்டாகப் பிளந்தது. இன்றும் அவர்களுடைய ஆட்சிப் பகுதி எல்லையோடு சுமார் 100 கிலோமீட்டர் ஒட்டிக் கிடக்கிறது, உறவுகளோ மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் இருக்கிறார்கள். ஆல்பத்தின் கண்ணுக்கு அந்த நிலம் காலியிடம். கல்லை நடுவில் வைத்து நிலத்தைப் பின்னணியாக்கும் அந்தச் சட்டகம்தான் நூற்றாண்டு கடந்து, கல்லின் இடத்தில் சுவரை வைத்துக்கொண்டு, இன்றைய பத்திரிகைப் படமாக வாழ்கிறது.

அதே காலத்தின் நகரப் படம் வேறொன்றைச் சொல்கிறது. நோகாலெஸ் என்ற பெயரில் அரிசோனாவிலும் சொனோராவிலும் ஒட்டிப் பிறந்த இரண்டு ஊர்கள் உண்டு. அங்கே 122ஆம் எண் எல்லைக்கல் ஒரு மதுக்கடையின் சுவரையொட்டி நின்றது. கடை ஒரு நாட்டில், அதன் வாசலில் நின்று புகைப்பவர் இன்னொரு நாட்டில் என்ற நிலைமை. அன்றாட வாழ்வில் கோட்டுக்கு அவ்வளவுதான் மதிப்பு. சுங்கத்துறைக்கு இது பிடிக்கவில்லை. 1897இல் நோகாலெஸில் கோட்டை ஒட்டி 60 அடி அகலத்துக்குக் கட்டடங்களை அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. 1907இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், கலிபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லை நெடுகிலும் அரசிடம் இருந்த நிலத்தில் அதே 60 அடிப் பட்டையை ஒதுக்கிவைத்தார். பின்னாளில் சுவர்கள் எழுந்தது அந்தப் பட்டையில்தான். கடை இருந்த இடத்தில் வெற்று நிலம் வந்தது. வெற்று நிலத்தில் வேலி வந்தது. இன்று நாம் படத்தில் பார்க்கும் வெறுமையின் ஒரு பகுதி உத்தரவு போட்டு உண்டாக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முல்லை திரிந்த கணம் இங்கே ஆவணத்தில் இருக்கிறது.

நகரத்தை மூடினார்கள், பாலை திறந்தது

நகரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததற்கும் படங்கள் உண்டு. மெக்சிகோ புரட்சியின்போது, 1911 மே மாதம் ஹுவாரெஸில் சண்டை நடந்தபோது, எல் பாசோ மக்கள் கூரைகளிலும் ரயில் பெட்டிகளின் மேலும் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வால்டர் ஹார்ன் என்ற ஒளிப்படக்காரர் எல் பாசோவில் இருந்துகொண்டு புரட்சியின் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டுப் பெரும் வியாபாரம் செய்தார். 1916இல் ஹுவாரெஸில் மூவரைச் சுட்டுக்கொன்ற காட்சிகளும் அந்த அட்டைகளில் அடக்கம். எல்லையின் தென்பக்கம் வன்முறை நடக்கும் இடம், வடபக்கம் அதைப் பார்க்கும் இடம் என்ற பங்கீடு அந்த அட்டைகளில் உறைந்துபோனது. பார்ப்பவர்களுக்கும் அந்த வன்முறைக்கும் தொடர்பு உண்டா என்று அஞ்சலட்டை கேட்பதில்லை.

இரு பக்கங்களுக்கும் தொடர்பு இருந்தது; பின்னாளில் அது வேலையின் வழியே வெளிப்படையானது. மெக்சிகோத் தொழிலாளரை அமெரிக்க வயல்களுக்கு ஒப்பந்தத்தில் அழைத்துவந்த பிராசெரோ திட்டம் 1942 முதல் 1964 வரை நடந்தது. அது முடிந்ததும், 1965இல் மெக்சிகோ அரசு எல்லைத் தொழில்மயத் திட்டத்தைத் தொடங்கியது. வரியில்லாமல் உதிரிபாகங்களை இறக்கி, பூட்டி, வடக்கே அனுப்பும் ‘மக்கிலாடோரா’ ஆலைகள் ஹுவாரெஸிலும் டிஹுவானாவிலும் பெருகின. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள், குறிப்பாக இளம் பெண்கள், அந்த ஆலைகளைத் தேடி வந்தார்கள். நகரம் மணற்காட்டுக்குள் பரவியது. 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து சரக்குக்கு எல்லை இளகியது. அதே காலத்தில் மனிதருக்கு எல்லை இறுகியது. எல் பாசோவில் 1993இலும் சான் டியாகோவில் 1994இலும் எல்லைக் காவல்படை நகரங்களின் ஓரத்தில் ஆட்களையும் விளக்குகளையும் வேலிகளையும் குவித்தது. சான் டியாகோவின் வேலி, போர்க்களங்களில் தற்காலிக ஓடுதளம் போடுவதற்கென்று செய்த பழைய இரும்புத் தகடுகளால் ஆனது. ‘தடுத்து விலக்குதல்’ எனப்பட்ட இந்த வியூகத்தின் உள்ளர்த்தம் 1994இன் அதிகாரபூர்வத் திட்ட ஆவணத்திலேயே இருக்கிறது: நகரங்களில் வழியடைத்தால், கடப்பவர்கள் கடக்கக் கடினமான, காவலுக்குச் சாதகமான கொடிய நிலப்பரப்புக்குத் தள்ளப்படுவார்கள். அரிசோனாவின் பாலைநிலம் அந்த வாக்கியத்தில் காவல்படையின் ஓர் உறுப்பாகச் சேர்க்கப்பட்டது.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 1998க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தென்மேற்கு எல்லையில் இறந்தவர்கள் என்று எல்லைக் காவல்படையே பதிவுசெய்த எண்ணிக்கை 7,000ஐத் தாண்டும். கண்டெடுக்கப்படாத உடல்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2001 மே மாதம் யூமாவுக்குக் கிழக்கே ஒரே குழுவில் 14 பேர் வெயிலில் மடிந்தார்கள். இதில் மனத்தை அறுக்கும் ஒன்று உண்டு. சொனோரா பாலை உலகின் வறண்ட பாலைகளோடு ஒப்பிட்டால் செழிப்பானது. குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று இரண்டு மழைக்காலம் அதற்கு. ஜூன் கடைசியில், கோடை மழைக்கு முன்பு, சாகுவாரோ எனும் நெடுங்கள்ளியின் உச்சியில் பழம் சிவக்கிறது. ஓஓதம் குடும்பங்கள் உலர்ந்த கள்ளியின் விலா எலும்புகளையே நீளக் கழியாகக் கட்டி அந்தப் பழத்தை உதிர்த்து, காய்ச்சிப் பாகாக்குகின்றன. அவர்களின் ஆண்டு அங்கிருந்து தொடங்குகிறது. கடக்க வந்தவர்கள் அதிகம் மடிவதும் அதே வாரங்களில்தான். தெரிந்தவர்களுக்கு அறுவடைக் காலம், தள்ளிவிடப்பட்டவர்களுக்குச் சாவுக் காலம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எடுக்கும் படம் மட்டுமே அந்த நிலத்தை ‘வெறும் பாலை’ என்று சொல்ல முடியும்.

நிலம் சாட்சியத்தையும் விழுங்கிவிடுகிறது. மானுடவியலாளர் ஜேசன் டி லியோன், இறந்த பன்றிகளுக்கு உடை அணிவித்து அரிசோனாப் பாலையில் கிடத்தி ஆய்வு செய்தார். கழுகுகள் வந்துவிட்டால் மிகக் குறுகிய நேரத்தில் எலும்பே மிஞ்சியது. எலும்புகளும் துணிகளும் சிதறிப் போயின. பாலையில் கண்டெடுத்த உடல்கள் பலவற்றுக்குப் பெயர் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். 2015இல் வந்த அவருடைய ‘திறந்த கல்லறைகளின் நிலம்’ என்ற நூல் இதை ஒரு கொள்கையின் செயல்பாடாகப் படிக்கிறது. கொன்றது வெயில் என்று சான்றிதழ் சொல்லும், அந்த வெயிலுக்குள் அனுப்பியவர் யார் என்பது சான்றிதழில் இடம்பெறாது. ஒளிப்படக்காரரின் சிக்கலும் இங்கேதான். காரணம் நகரத்தில், விளைவு பாலையில், இரண்டுக்கும் நடுவே பல நாள் நடை. ஒரு நொடியைப் பிடிக்கும் கருவி இந்தத் தொலைவை எப்படிக் கடப்பது?

பொருள்கள் பேசும் இடம்

சிலர் கடந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் மிஸ்ராக் 1979 முதல் அமெரிக்கப் பாலைவனங்களைப் படம் எடுத்துவருபவர். எல்லையை எடுத்த ‘பார்டர் கான்டோஸ்’ தொகுப்பு 2016இல் வெளிவந்தது; குயேர்மோ காலிண்டோ எல்லையில் கிடந்த பொருள்களைக் கொண்டு இசைக்கருவிகள் செய்து அதில் இணைந்தார். மிஸ்ராக்கின் படங்களில் சுவரும் உண்டு. ஆனால் என்னை நிறுத்துபவை தரையை நோக்கிய படங்கள். எல்லைக் காவல்படை பழைய டயர்களைச் சங்கிலியில் கோத்து வண்டியில் இழுத்து மண்சாலையைச் சமன் செய்கிறது. இரவில் யாராவது கடந்தால் காலையில் தடம் தெரியும். நடப்பவர்கள் அதற்கு மாற்றாகக் கம்பளித் துண்டு தைத்த காலுறையைச் செருப்பின்மேல் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர்க் கேன் வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கருப்பு பிளாஸ்டிக்கில் வருகிறது. சொனோராவின் அல்தார் ஊர்க் கடைகளில் அது விற்பனைக்குக் கிடைக்கிறது. டயர், கம்பளிக் காலுறை, கருப்புக் கேன்: இவை எல்லாம் பட்டறையிலும் ஆலையிலும் செய்து, கடையில் வாங்கி, பாலைக்கு வந்தவை. ஆகவே இப்படிப்பட்ட ஒரு பொருளின் படம் நகரத்தையும் தன்னோடு கூட்டிவருகிறது. ‘மனிதநேய எல்லைகள்’ என்ற தன்னார்வ அமைப்பு அரிசோனாவில் வைக்கும் நீலப் பீப்பாய்களும், தூரத்திலிருந்து தெரியும்படி அவற்றின் மேல் பறக்கும் கொடியும் அதே வகை. யாரோ ஒரு நகரத்திலிருந்து இங்கே தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்பதை அந்தப் பீப்பாய் அறிவிக்கிறது.

டாம் கீஃபர் வேறொரு வழியில் அதே இடத்தை அடைந்தார். அரிசோனாவின் அஜோ ஊருக்கு அருகே எல்லைக் காவல் நிலையம் ஒன்றில் 2003 முதல் 2014 வரை துப்புரவுப் பணியாளராக இருந்தவர் அவர். பிடிபட்டவர்களிடமிருந்து வாங்கிக் குப்பையில் எறியப்பட்ட பொருள்களை எடுத்துவைத்து, பின்னாளில் வண்ணப் பின்புலத்தில் அடுக்கிப் படம் எடுத்தார். பல் துலக்கும் தூரிகைகள், சீப்புகள், செபமாலைகள், சோப்புக் கட்டிகள். அவற்றில் முகம் இல்லை, பாலை இல்லை, சுவர் இல்லை. ஆனால் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், போய்ச் சேர்ந்த ஊரில் தலைவாரிக்கொண்டு வேலை கேட்கப் போவோம் என்று எண்ணியவர். அந்தச் சீப்பைத் தேவையில்லாத பொருள் என்று தீர்மானித்தது ஓர் அலுவலகம். இந்த இரண்டு எண்ணங்களையும் ஒரே சட்டகத்தில் வைத்த படம் இது.

டேவிட் டெய்லர் 2007இல் தொடங்கிச் செய்த வேலை இன்னும் நேரடியான பதில். பிற்காலத்தில் சேர்த்தவற்றோடு 276 ஆகிவிட்ட எல்லைக்கற்களைத் தேடிச் சென்று அவர் படம் எடுத்தார். பழைய ஆல்பத்தின் அதே சட்டகம், அதே நடுவிடம். ஆனால் இன்று கல்லைச் சுற்றிக் கண்காணிப்புக் கோபுரம், வேலி, சாலை, குப்பை, வீட்டுக் கொல்லை. ஒரு படத்தை மற்றொன்றின் அருகே வைத்தால்தான் அந்த வெறுமைக்கு வயது உண்டு என்பது தெரிகிறது. திரும்பிப் போய் எடுப்பது என்ற எளிய ஒழுக்கம், ஒற்றைப் படத்தால் முடியாததைச் செய்துவிடுகிறது.

நகரத்தின் பக்கத்திலிருந்து அதே பாலத்தைக் கட்டியவர்கள் ஹுவாரெஸின் ஒளிப்படக்காரர்கள். 1998இல் சார்ல்ஸ் பவுடன் எழுதி வெளிவந்த ‘ஹுவாரெஸ்: நம் எதிர்காலத்தின் ஆய்வுக்கூடம்’ நூலில் ஹூலியான் கார்தோனா உள்ளிட்ட உள்ளூர்ப் பத்திரிகைப் படக்காரர்களின் படங்கள் உலகத்துக்குத் தெரியவந்தன. ஆலை வாசல், தகரக் குடிசை, நகரின் விளிம்பில் மணல் ஆகிய மூன்றும் அந்தப் படங்களில் ஒரே தெருவில் இருக்கின்றன. 1993 முதல் ஹுவாரெஸில் பெண்கள் கொல்லப்பட்டு நகர ஓரத்து மணற்காட்டில் வீசப்பட்ட செய்திகள் வரத் தொடங்கின. 2001இல் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்த பருத்திக்காடு நகரத்துக்கு உள்ளேயே இருந்தது. அந்த வழக்கில் 2009இல் அமெரிக்க நாடுகளிடையிலான மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசைப் பொறுப்பாக்கியது. அங்கே பாலை எங்கோ தொலைவில் இல்லை. பணி முடிந்து பேருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் இருட்டான வழியில் இருந்தது. தெரு விளக்கு போடாத நகரம் தானே பாலையாகிறது.

எழும் மறுப்புகள்

சுவர்தானே கண்முன் நிற்கும் உண்மை, அதைப் படம் எடுப்பதில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழை இல்லை. 2017 முதல் 2021 தொடக்கம் வரை சுமார் 458 மைல் நீளத்துக்கு இரும்புத் தூண் சுவர் எழுப்பப்பட்டது, பல இடங்களில் 9 மீட்டர் உயரத்துக்கு. 2020இல் ஆர்கன் பைப் கள்ளித் தேசிய நினைவுப் பகுதியில் ஓஓதம் மக்கள் புனிதமாகக் கருதும் குன்றின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இவை பதிவாக வேண்டியவை. ஆனால் மொத்த எல்லையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் சுவரோ வேலியோ உண்டு. மேலே சொன்ன 458 மைலில் பெரும்பகுதி பழைய தடுப்பை மாற்றிக் கட்டியது. சுவரை மட்டும் பார்ப்பவர், சுவரைக் கட்ட வேண்டும் என்பவரும் இடிக்க வேண்டும் என்பவரும் ஒருசேர நம்பும் ஒன்றைத் தானும் நம்பிவிடுகிறார்: எல்லை என்பது சுவர் நிற்கும் இடம். கொன்றது பெரும்பாலும் சுவர் இல்லாத இடம். அதைக் காட்டச் சுவரின் படம் போதாது.

அழகு பற்றிய மறுப்பு கனமானது. மாலை வெளிச்சத்தில் பொன்னாக மின்னும் பாலையை அச்சிட்டுச் சுவரில் மாட்டும்போது, துயரம் அலங்காரமாகிவிடாதா? அலெக்ஸ் வெப் 1979இல் சான் இசித்ரோ அருகே எடுத்த படத்தில், மஞ்சள் பூக்கள் நிறைந்த வயலில் மனிதர்கள் கைதாகிறார்கள், மேலே ஹெலிகாப்டர். நிறமே முதலில் கண்ணைப் பிடிக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் அழகு நிகழ்வைவிட்டு நம்மை வெளியே இழுப்பதில்லை; இவ்வளவு சாதாரணமான, பூக்கும் வயலில் இது நடக்கிறது என்ற அதிர்ச்சியை அது தாங்குகிறது. அழகு குற்றமில்லை. காரணத்தைத் துடைத்துவிட்ட அழகுதான் குற்றம். மனிதரையும் பொருளையும் காலத்தையும் நீக்கிவிட்டு மணலின் வளைவை மட்டும் மிச்சம் வைக்கும் படம், 1890களின் அளவைக்காரர் கண்டதைவிடக் கூடுதலாக எதையும் காணவில்லை.

ஒற்றைப் படம்தானே உலகை அசைத்தது என்ற வாதமும் உண்டு. 2018 ஜூன் 12 இரவு, டெக்சாஸின் மக்காலென் அருகே, தாயை அதிகாரிகள் சோதனையிடும்போது நிமிர்ந்து பார்த்து அழும் சிறுமியை ஜான் மூர் படம் எடுத்தார். பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரிக்கும் கொள்கைக்கு எதிரான கோபத்தின் முகமாக அந்தப் படம் ஆனது. ஜூன் 20இல் அந்தக் கொள்கையை நிறுத்தும் உத்தரவு வந்தது. 2019இல் உலகப் பத்திரிகைப் பட விருதும் கிடைத்தது. ஆனால் அந்தச் சிறுமி தாயிடமிருந்து பிரிக்கப்படவில்லை என்று பிறகு தெரிந்ததும், கொள்கையை ஆதரித்தவர்கள் முழு விஷயத்தையும் பொய் என்றார்கள். 2021 செப்டம்பரில் டெல் ரியோவில், ஹைட்டி நாட்டவரைக் குதிரை மேல் விரட்டும் காவலரைப் பால் ராட்ஜே எடுத்த படத்துக்கும் இதே கதி. கையில் இருந்தது சவுக்கு என்று பரவியது. அது குதிரையின் கடிவாள வார். யாரையும் அதனால் அடித்ததற்குச் சான்றில்லை என்றும், தேவையற்ற பலம் பயன்படுத்தப்பட்டது என்றும் 2022இல் விசாரணை முடிவு சொன்னது. இரண்டு முறையும் படம் பொய் சொல்லவில்லை. படத்தைத் தனியாக ஓடவிட்டதுதான் தவறு. இடம், நேரம், முன்னும் பின்னும் நடந்தது ஆகியவற்றைச் சொல்லும் படக்குறிப்பு இல்லாமல் போனபோது, மறுப்பவர்களுக்கு வாசல் திறந்தது. ஒற்றைப் படத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. அதை நிலைக்கவைப்பது படத்தொடரும் படக்குறிப்பும்தான் என்கிறேன்.

இறந்தவரைக் காட்டாமல் யாருக்கும் உறைக்காது என்பது மிகக் கடுமையான மறுப்பு. 2019 ஜூனில் ஹூலியா லெ டுக், மத்தாமோரோஸ் அருகே ஆற்றங்கரையில் குப்புறக் கிடந்த தந்தையையும் சிறு மகளையும் எடுத்த படத்தை உலகமே பார்த்தது. அதை எடுத்ததையோ வெளியிட்டதையோ குறை சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்தக் கணத்தின் துக்கம், அவர்கள் ஏன் எல்லையைச் சட்டப்படி கடக்கும் பாலத்தின் வழியே போகவில்லை என்ற கேள்வியை எழுப்பும் முன்பே பலருக்கு வடிந்துவிட்டது. இதற்கு மாற்று உண்டு. டி லியோன் உருவாக்கிய ‘ஹாஸ்டைல் டெரெய்ன் 94’ கண்காட்சியில் அரிசோனாப் பாலையில் இறந்த 3,200க்கும் மேற்பட்டோருக்கு, பிணவறையில் கால் விரலில் கட்டும் அட்டைகளைத் தன்னார்வலர்கள் கையால் எழுதி, உடல் கிடைத்த இடத்தில் வரைபடத்தின் மேல் தொங்கவிடுகிறார்கள். பெயர் தெரிந்தவர்களுக்கு வெளிர் பழுப்பு அட்டை, தெரியாதவர்களுக்கு ஆரஞ்சு. தலைப்பில் உள்ள 94, அந்த 1994 திட்ட ஆவணத்தின் ஆண்டு. ஒரு பிணத்தையும் காட்டாமல், காரணத்தையும் விளைவையும் ஒரே சுவரில் அது சேர்த்துவிடுகிறது. ஒளிப்படம் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

இன்று அந்தப் பாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராக்களில் அரசின் கேமராக்களும் கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. 2006இல் தொடங்கிய மின்னணுக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று சுமார் 100 கோடி டாலரை விழுங்கி, அரிசோனாவில் 53 மைலை மட்டும் கண்காணித்த நிலையில் 2011இல் கைவிடப்பட்டது. அதற்குப் பின்னும் கோபுரங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அவை இரவும் பகலும் படம் எடுக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் இருப்பது அசையும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எந்த ஊரிலிருந்து, எந்த ஆலை வாசலைக் கடந்து, எந்த நகரத்தில் வழி அடைபட்டதால் இங்கே வந்தது என்று கோபுரம் கேட்காது. அதைக் கேட்பது மனிதர் எடுக்கும் படத்தின் கடமை.

அந்தக் கடமையில் பார்ப்பவருக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை ஆளில்லாத பாலையின் குறுக்கே ஓடும் சுவரின் படம் உங்கள் கண்ணில் பட்டால், அதன் அழகை ரசித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். படக்குறிப்பைத் தேடிப் படியுங்கள். எந்த மாதம், எந்த இடம், அருகில் உள்ள நகரம் எது, அங்கே வழி எப்போது அடைக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் இல்லாத படத்தை முழுமையற்ற சாட்சியாகவே வையுங்கள். அந்த வரைபடத்தில் தொங்கும் ஆரஞ்சு அட்டைகள் ஏறத்தாழ ஆயிரம். அவை ஒவ்வொன்றிலும் பெயர் எழுத விட்ட கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.